பூட்டிய கேசட்டுக்குள் என் எழுத்துகள்

செத்துப்போனவை என்று தள்ளிவிட்ட பதினொரு கணினிகளை ஓட வைத்தவன் நான். சைகோனின் கான் ஹொய் துறைமுகத்தில் மாலுமிகள் கைமாற்றிவிட்டுப் போன சின்ன வீட்டுக் கணினிகள். பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைத் திரையாக்கினேன். பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரிலிருந்து புரோகிராமை ஏற்றினேன். மின்சாரம் நின்றால் மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஓட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, அந்தக் கணினியை வியட்நாமிய மொழியில் கடிதம் எழுத வைத்தது. இந்த மொழியில் எழுத்தின் தலையிலும் காலிலும் குறிகள் உண்டு; குறி மாறினால் பொருள் மாறிவிடும். கணினிக்குத் தெரிந்ததோ வெறும் ஆங்கில எழுத்துகள். கட்டம் போட்ட நோட்டில், எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில், ஒவ்வோர் எழுத்தாக வரைந்து ஏற்றினேன். கேட்டவர்களுக்கெல்லாம் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். அன்று சைகோனில் பாட்டும் அப்படித்தான் பரவியது, புரோகிராமும் அப்படித்தான்.

ஒருநாள் மருந்துக்கடை அம்மாள் ஒரு கேசட்டோடு வந்தார். ஓர் எழுத்தில் குறி இடம் தவறி விழுகிறதாம். ஏற்றிப் பார்த்தேன், என் புரோகிராமேதான். திருத்தலாம் என்று உள்ளே போனால் ரகசியச் சொல் கேட்டது. நான் எழுதியது என்னையே யார் நீ என்று கேட்டது. சந்தைப் பக்கத்துக் கடைக்காரர் அதைப் பூட்டி, முகப்பில் தன் பெயரைப் போட்டு விற்றிருந்தார்.

நேரே அவர் கடைக்குப் போனேன். வியட்நாமியத்தில்தான் பேசினோம்.

"பூட்டலன்னா ஆளாளுக்கு நகல் எடுக்குறாங்க, சூ பாய்," என்றார். ஏழாம் சித்தப்பா என்று அர்த்தம். எங்கள் தமிழ் ஆட்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பூட்டுனது நான். அதனால என்னுது."

"திரையில மேல ஓரத்துல ஒண்ணு நெளிஞ்சு கெடக்குதே, அது என்ன?"

"ஏதோ புழு மாதிரி இருந்துச்சு. எடுத்தா புரோகிராம் நின்னுடுமோன்னு விட்டுவெச்சேன்."

"அது எங்க சாமிக்குப் போடுற சுழி. காரைக்கால்ல அதைப் போடாம ஒரு கடுதாசி எழுதமாட்டோம். நான் வரைஞ்சதுதான்."

"சரி, நீங்க பண்ணதுதான்," என்று ஐஸ் காப்பி வாங்கிக் கொடுத்தார். ரகசியச் சொல்லை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "புள்ளையாரு பேரக் காப்பாத்திட்டு வந்துட்டீங்க. ஒங்க பேரு எங்கங்க?"

தவறு என்னுடையதுதான். சுழி போட்ட கைக்குப் பெயர் போடத் தோன்றவில்லை. என் பழைய கேசட் அதற்குள் கெட்டுப்போயிருந்ததால், நோட்டைப் பிரித்து எல்லா எழுத்துகளையும் மறுபடி ஏற்றினேன். மூன்று மாதம் ஆனது. அம்மாளின் எழுத்தைத் திருத்தி, பூட்டில்லாத கேசட்டாகக் கொடுத்தேன். உள்ளே போய்த் திருத்த முடியாத புரோகிராமை விலை கொடுத்து வாங்கினாலும் அது பூட்டியவனுடையதுதான் என்று அன்று புரிந்துகொண்டேன். இன்று கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

இப்போது நகரத்தில் பழைய கணினிகளுக்கு ஒரு கண்காட்சி நடக்கிறது. பூட்டிய அந்தக் கேசட்டைக் கண்ணாடிக்குள் வைத்து, 'உருவாக்கியவர்' என்று கடைக்காரர் பெயரை அட்டையில் எழுதியிருக்கிறார்கள். அவர் பூட்டியவர், அப்படியே எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உருவாக்கியவர் நான். அந்த அட்டையை மாற்றி, அதே அளவு எழுத்தில் என் பெயரைப் போட வேண்டும்.