நேர்ச்சை வெடி

கோயில் வெடிமருந்து கரிந்து எழுகிற வாசனை எங்கே வந்தாலும் என் கை என் காதுக்குப் போவதில்லை. தங்கச்சியின் காதைத் தேடித்தான் போகிறது.

அருமனையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், எந்தச் சத்தத்துக்கும் திரும்பாமலே அவள் வளர்ந்தாள். பிள்ளைக்குக் காது கேட்டால் கோயிலில் வெடி வழிபாடு என்று அப்பா நேர்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் காதுக்கருவி மாட்டிய அன்றைக்கே, வீட்டுக்குக்கூட வராமல், ஜீப்பை நேராகக் கோயிலுக்கு விட்டார். சின்ன வெடியா பெரிய வெடியா என்றார் வெடிக்காரர்.

"என்ன ஓய் கேள்வி? பெரிசே போடும். சாமிக்கும் கேக்கட்டு, பிள்ளைக்கும் கேக்கட்டு."

கேட்டது. தங்கச்சி கருவியைப் பிடுங்கி எறிந்தாள். அதன்பின் அதை யார் கொண்டுவந்தாலும் கடித்தாள். கருவி அலமாரிக்குப் போனது.

அப்போதுதான் சித்தி லீவில் வந்தாள். அம்மாவின் தங்கை, கேளாத காதுக்குப் பின்னால் மூளை என்னதான் செய்கிறது என்று வெளிநாட்டில் ஆராய்கிறவள். அப்பாவுக்கு நல்ல ஏச்சு கிடைக்கும் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவளோ, "வெடிச்சதும் பிள்ள மொதல்ல எங்க பாத்தா அத்தான்?" என்று கேட்டாள்.

"என்னையாக்கும் பாத்தா" என்ற அப்பா, அலமாரியைத் திறந்து கருவியை எடுத்துச் சித்தியிடம் கொடுத்தார்.

சித்தி வெண்கல உருளிப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தங்கச்சியின் உள்ளங்கையை வைத்து, பக்கத்தில் ஒரு பலாக்கொட்டையைப் போடுவாள். அதிர்வில் அவள் சிரிப்பாள். மறுபடி போடுவாள். மெல்ல மெல்லத் தங்கச்சி கருவியை மாட்டவிட்டாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் கொட்டை விழுந்தால் திரும்பவில்லை.

"மெஷின்தான் வச்சாச்சே, பொறவு ஏன் சித்தி கேக்கல்ல?"

"கேக்கது மூளையாக்கும் மக்கா. சத்தம் வராத எடம் சும்மா கெடக்குமா? கண்ணும் கையும் அங்க குடியேறியிருக்கும். இனி அதுக ஒதுங்கிக் குடுக்கணும். வயசு ஏறிட்டா ரொம்பக் கஷ்டம்."

"குடுக்குமா?"

"அதத்தான் நானும் பாக்கேன்."

நடக்கும்போதும் உண்ணும்போதும் சித்தி என்னைத் தன் இடப்பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள். வெளிநாட்டுப் பவுசு என்பாள் அம்மா.

லீவு முடிந்தது. சித்தி காரில் ஏறிய பிறகும் அப்பாவை வாசலில் காணோம். தேடி உள்ளே ஓடினேன். தங்கச்சிக்குப் பின்னால் தரையில் குந்தி, யாருக்கும் தெரியாமல், பெரிய வெடி கேட்ட அதே மனிதர் ஒற்றைக் கொட்டையை உருளிமேல் போட்டார்.

அவள் திரும்பினாள்.

வாசலுக்குப் பறந்து, காரின் வலப்பக்கக் கண்ணாடியில் வாயை வைத்து, "திரும்பிட்டா சித்தி! தங்கச்சி திரும்பிட்டா!" என்று கத்தினேன். சித்தி என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி இரைச்சல் என்று நினைத்தேன். அவளுடைய ஆராய்ச்சியெல்லாம் அவளது கேளாத வலக்காதிலிருந்துதான் தொடங்கியது என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? அவள் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து, மறுபக்கக் கண்ணாடியை இறக்கினாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லு மக்கா."