ஓடியாடும் பிள்ளைக்கும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை

நாங்கள் கச்சிராயபாளையத்தில் கரும்பு விவசாயம் செய்பவர்கள். ஆறாம் வகுப்பு படித்த என் மூத்த மகள் போன வருஷம் அடிக்கடி சோர்ந்து படுத்தாள். முகம் வெளிறிப்போய், சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். சேலத்துக்குக் கொண்டுபோனபோது, சிறுநீரகம் இரண்டுமே ஏறக்குறைய செயலிழந்துவிட்டதாகச் சொல்லி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

"இது பரம்பரையா வர்றதா இருக்கலாம். சின்னவளுக்கும் யூரின் டெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டரம்மா.

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது நல்லா ஓடியாடிக்கினுதாங்க இருக்குது. அதுக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு?"

"பெரியவளும் அப்படித்தானே ஓடிக்கிட்டிருந்தா?" என்று டாக்டர் கேட்டதும் என் கணவரே சின்னவளைப் பரிசோதனைக்குக் கூட்டிவந்தார்.

சின்னவளின் சிறுநீரில் புரதம் நிறையக் கலந்து வந்தது. ரத்தத்தையும் சோதித்தார்கள். வலியோ வீக்கமோ இல்லாமலே அவளுக்கும் சிறுநீரகத்தின் வேலை குறைய ஆரம்பித்திருந்தது. மாத்திரையால் பாதிப்பைத் தள்ளிப்போடலாம், முழுசாகக் குணமாக்க முடியாது என்றார்கள்.

மூத்தவள் மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறாள். "எனக்கும் அக்கா மாதிரி மெஷின் வெப்பாங்களாம்மா?" என்கிறாள் சின்னவள். "அது வராம இருக்கத்தான்டி மாத்திரை" என்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்போதெல்லாம் டாக்டர் சொன்ன நாளில் அவளுடைய சிறுநீரைத் தவறாமல் சோதிக்கிறேன். சொந்தபந்தத்தில் யாருக்குக் குழந்தை இருந்தாலும் சோதிக்கச் சொல்கிறேன். சின்னசேலத்தில் இருக்கும் என் தங்கையின் பிள்ளைகளை நானே லேபுக்குக் கூட்டிப்போனேன். இருவருக்கும் ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தது. தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது சந்தோஷத்தில் வந்ததுதானா என்று எனக்குத் தெரியவில்லை.