சாட் ரூமில் எங்கள் வீட்டு நம்பர்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்களில் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் நான் கிளார்க். என்னோடு இன்னொருத்தி. தூள் விற்காமல் தேங்கியதால் வாரத்தில் பாதி நாள் மெஷின் ஓடவில்லை. இரண்டு பேரில் ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று முதலாளி எங்கள் காதுபடவே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். ஆனால் அவள் மேஜைக்கு யாராவது பேப்பர் கொண்டுபோனால் என்ன பேப்பர் என்று எட்டிப் பார்ப்பேன். அவளும் அப்படித்தான்.

வேலை இல்லாத நாட்களில் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். சாட் ரூமில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, முகம் தெரியாதவர்களோடு மழையையும் சினிமாவையும் பேசுவது ஒரு ஆறுதல். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு போன் வந்தது. எடுத்த அம்மா உடனே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மறுபடி அடித்தது. நான் எடுத்தேன். ஒரு ஆண் குரல், என் பெயரைச் சொல்லி, "எவ்வளவு?" என்று கேட்டது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ராத்திரி அப்பா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். அது கீழே கிடந்தபோதும் எனக்கு மணி கேட்டுக்கொண்டே இருந்தது.

அழைத்தவர்களில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. "அக்கா, நான் துபாய்ல இருந்து பேசறேன். உங்க பேரையும் நம்பரையும் சாட் ரூம்ல போட்டிருக்காங்க. சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிப் படித்தார். அசிங்கங்களுக்கு நடுவே ஒரு வரி: 'ரெண்டு மணிக்கு மேல கூப்பிடு, அப்பா கடைக்குப் போயிடுவார்.'

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்கிறவள் ஒருத்திதான், ஆபீசில் என்னோடு இருந்தவள்.

அப்பா நேராக பிரவுசிங் சென்டருக்குப் போய்ச் சத்தம் போட்டார். சென்டர்காரர் கைகூப்பினார். "ஏனுங்க, நான் கம்ப்யூட்டர வாடகைக்கு உடறேன். உள்ள உக்காந்து என்ன தட்டறாங்கன்னு எட்டிப் பாத்தா அதுவும் தப்புங்களே."

"அப்ப அந்தச் சாட்டு நடத்தறவனத்தான் உள்ள வெக்கோணும்," என்றார் அப்பா.

சாட் ரூம் நடத்தும் கம்பெனிக்கு நான் புகார் எழுதினேன். உடனே நன்றி சொல்லிப் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே நன்றி, எழுத்து மாறாமல். என் நம்பர் அங்கேயே இருந்தது.

ஆபீசில் அவளிடம் கேட்டேன். முதலில் முறைத்தாள். துபாய்க்காரர் படித்த வரியைச் சொன்னதும் உட்கார்ந்து அழுதாள். "ஒரே ஒரு தடவதான் போட்டேன். நீயே வேலைய உட்டுப் போயிருவேன்னு நெனச்சேன். இத்தன பேரு கூப்பிடுவாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? அவனுங்கதான் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கானுங்க."

அறையலாம் என்று போனேன், கை எழவில்லை. அவளும் தன் பங்குக்கு யாரையோ கைகாட்டினாள். சென்டர்காரர் உள்ளே உட்கார்ந்தவர்களைக் காட்டினார். அப்பா கம்பெனியைக் காட்டினார். கம்பெனி நன்றி சொன்னது.

முதலாளியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியும் பயன் இருந்திருக்காது. அந்த மழைக்காலத்துக்குள் ஃபேக்டரியையே மூடிவிட்டார்கள். அவள் திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். எங்கள் நம்பரை மாற்றினோம்.

அப்பாவோடு இன்றும் இதில் எனக்கு ஒத்துப்போகாது. எழுதியது அவள், கூப்பிட்டது அவர்கள், அதைக் கம்பெனி தலையில் கட்ட என்னால் முடியாது. துபாய்க்காரரும் அதே ரூமில் இருந்தவர்தானே, அவர் அப்படிக் கேட்கவில்லையே? ஆனால் சொன்ன பிறகும் கம்பெனிக்காரர்கள் எடுக்காமல் விட்டார்களே, அதற்கு அவளா பொறுப்பு? அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

சில மாதம் கழித்து, வேறு பெயரில் அந்த ரூமுக்குள் போய்ப் பார்த்தேன். இன்னொரு பெண்ணின் பெயர், இன்னொரு நம்பர். புகார் பட்டனை அழுத்தினேன். நன்றி என்றது. காத்திருந்தேன். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். அந்த நம்பர் அப்படியே இருந்தது.