அக்கா குடித்த சீந்தில் கஷாயம்

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சீந்தில் கொடியிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய் செல்களுக்கும் நோயெதிர்ப்பு செல்களுக்கும் நடுவே விடுவோம். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அன்று மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபோது, தூங்கிக் கிடந்த எதிர்ப்பு செல்கள் மெல்ல மெல்ல நகர்ந்துபோய்ப் புற்றுநோய் செல்களைச் சூழ்ந்திருந்தன. தண்ணீருக்கடியில் ஊர்வலம் போவதுபோல இருந்தது. கண்ணை எடுக்க மனமில்லாமல், டீ குடிக்கக் கூப்பிட்டவர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

ராயபுரத்தில் பஸ் ஏறினேன். கடலில் கப்பல்கள் அசையாமல் நின்றன. மணலிப் பக்கத்து ஆலைப் புகை மஞ்சளாக வானத்தில் கரைந்துகொண்டிருந்தது. தினமும் அந்தப் புகையைத் திட்டுகிறவள், அன்று திட்டவில்லை.

நேராகக் காலடிப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு மார்பில் கட்டி. மூன்றாவது கீமோ முடிந்து, தலையில் துண்டு கட்டிப் படுத்திருந்தாள். அவளிடமும், அவள் கணவர், டேங்கர் லாரி ஓட்டும் மாமாவிடமும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். தட்டில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு என்றும் சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்த கீமோவுக்குப் போனபோது, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதித்திருக்கிறது, இப்போது ஊசி போட முடியாது என்றார் டாக்டர். வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார்.

"மணலி பக்கம் நான் லாரி நிறுத்துற எடத்துல வேலி ஃபுல்லா அந்தக் கொடிதான் கீது. தெனம் அறுத்தாந்து கஷாயம் வச்சிக் குட்தேன். நீதானம்மா சொன்ன?"

"உன்ன யாரு மாமா குடுக்கச் சொன்னது? இன்னா மனுஷன் நீ?"

வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தும்போதே தெரிந்தது, தப்பு என்னுடையது. சீந்தில் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும் என்றார் டாக்டர்.

கஷாயத்தை நிறுத்தினோம். கல்லீரல் சரியாகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் கட்டி வளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாகக் கல்லீரல் தேறி, நான்காவது ஊசி ஏறத் தொடங்கிய அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் பாதிதான் சொன்னேன்க்கா. எல்லாம் என்னாலதான்."

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"மருந்துன்னு குடிச்சேன்னா நெனச்ச? இந்தக் கட்டி வந்ததுலேர்ந்து நம்ம வூட்ல யாரும் சந்தோஷமா ஒரு வார்த்த பேசலடி. அன்னிக்கி நீ பேசுன. கசப்பு எறங்காதப்பல்லாம் உன் மூஞ்சிய நெனச்சிகினு குடிச்சேன்."