டீச்சரின் வலது கால்

என் மனைவியின் வலது கால் யார் பேச்சையும் கேட்காது. அவள் பேச்சைக்கூட.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், பக்கத்து சீட்டில் இவள். இவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு மட்டும். போன வருடம் குறுக்கே சைக்கிளில் வந்த ஒருவரை வண்டி இடித்துவிட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து, வாய் நிறையத் திட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் இவள் அன்று பிரேக்கை ஒரு நொடி தாமதமாக மிதித்தாள். அந்த ஒரு நொடிக்காக அன்றிலிருந்து மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தூரத்தில் சிக்னல் மஞ்சளானால் மிதி. ஓரத்தில் படுத்திருக்கும் நாய் கொட்டாவி விட்டால் மிதி. பஸ்ஸில் போகும்போது முன் சீட்டுக்காரரின் பையை மிதித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். தூக்கத்திலும் அந்தக் கால் சும்மா இருக்காது, அதற்கு என் முழங்கால் சாட்சி. நானும் சிரித்துச் சமாளித்தேன். லைசென்ஸ் டெஸ்ட் வந்ததும் சிரிப்பு நின்றது.

டெஸ்டில் அதிகாரி பின்சீட்டில் உட்காருவார். டீச்சர் பிரேக்கைத் தொட்டால் ஓட்டுபவர் ஃபெயில், பேச்சே கிடையாது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்கு லைசென்ஸ் கேட்டார்கள் என்று ஒரு நர்ஸ் இவளிடம் கற்றுக்கொண்டாள். இரண்டு முறை டெஸ்டுக்குப் போனாள், இரண்டு முறையும் ஃபெயில். அவள் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் இவள் கால் செய்த வேலை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனிதர். அதனால் மெதுவாகத்தான் சொன்னார்: "டீச்சர், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க ஆபீஸ்ல உக்காந்துடுங்க. வண்டி வேணாம்."

அன்று அவள் சாப்பிடவில்லை. வண்டியை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது, அது எனக்குத் தெரியும்.

"ஏங்க, ஹிப்னோதெரபின்னு ஒண்ணு இருக்காம். அந்த நர்ஸ் சொல்லுது. போய்ப் பாக்கலாமா?"

"நல்லா போ. மயக்கிட்டு பீரோ சாவி எங்கன்னு கேப்பாங்க."

"வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு. இனிமே சாண் என்ன, முழம் என்ன?"

காவலுக்கு நானும் போனேன். இருட்டறை, ஆடும் கடிகாரம் என்று என்னென்னவோ எதிர்பார்த்தேன். இருந்தது ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மாள்.

"நான் யாரையும் மயக்க மாட்டேன்" என்றார் அவர், மூக்கைத் துடைத்தபடி. "நான் பேசறது உங்களுக்கு நல்லா கேக்கும். புடிக்கலன்னா எழுந்து போயிடலாம். மனசை ஒரே இடத்துல நிறுத்தறதுக்கு நான் கூட இருப்பேன், அவ்வளவுதான்."

கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விடச் சொன்னார். தணிந்த குரலில் அவளை அந்தச் சைக்கிள் வந்த தெருவுக்கே கூட்டிப் போனார். சைக்கிள் வருகிறது. ஓட்டுகிறவளே பிரேக் போடுகிறாள். உங்கள் குதிகால் தரையில் கனமாக இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்க வந்த நான் மூலையில் குறட்டை விட்டேனாம். "முதல்ல இவருக்குத்தான் வேலை செஞ்சிருக்கு" என்று அந்த அம்மாள் சிரித்தாராம்.

"பயம் போயிடுமா?" என்று இவள் கேட்டாள்.

"வரும். வந்தா வரட்டும். மூச்சுல விடுங்க, காலுக்கு அனுப்பாதீங்க."

"நெஜமாவே ஆபத்துன்னா?"

"மிதிங்க. அதுக்குத்தானே பிரேக் வச்சிருக்கு?"

அதன்பிறகு இன்னும் சில முறை போனோம். தினமும் காலையில் சாப்பாட்டு மேசை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, குதிகாலை ஊன்றிப் பழகினாள். நான் வேண்டுமென்றே தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பேன். முதலில் கால் துள்ளியது. பிறகு விரல்கள் மட்டும் அசைந்தன. அப்புறம் கால் அசையவில்லை, நான்தான் திட்டு வாங்கினேன்.

அடுத்த டெஸ்டுக்கு வேறு டீச்சரைத் தருகிறேன் என்றார் முதலாளி. நர்ஸ் மறுத்துவிட்டாள். "எனக்கு ஓட்டத் தெரியும்னு இவங்களுக்குத்தான் சார் தெரியும்."

டெஸ்ட் அன்று நான் லைசென்ஸ் ஆபீஸ் வாசல் கேட்டில் நின்றேன். வண்டி திரும்பி வந்தது. அதிகாரி இறங்கி உள்ளே போனார், அவர் பின்னாலேயே நர்ஸும் ஓடினாள். இவள் மட்டும் சீட்டை விட்டு எழவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"திருப்பத்துல தள்ளுவண்டி ஒண்ணு குறுக்க வந்துச்சுங்க."

"மிதிச்சிட்டியா?"

"இல்ல. பயந்தேன், நல்லாவே பயந்தேன். கால் மட்டும் அப்படியே இருந்துச்சு. நான் மூச்சு விட்டு முடிக்கறதுக்குள்ள அவளே வண்டிய நிறுத்திட்டா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குள் "டீச்சர், பாஸ்!" என்று கத்திக்கொண்டே நர்ஸ் ஓடிவந்து திறந்த கதவு வழியாக இவளைக் கட்டிக்கொண்டாள். வருடம் முழுக்க அழாத என் மனைவி அப்போது அழுதாள்.

"எல்லாரையும் நான்தான் காப்பாத்தணும்னு நெனச்சிட்டிருந்தேங்க" என்றாள் என்னிடம். "அவங்களுக்கும் நிறுத்தத் தெரியுது."