வில்லுக்கு ஒட்டிய பட்டு

மகளுக்காக ஒரு மர வில் செய்துகொண்டிருந்தேன். நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்புறம்தான் விரியும். அங்கே ஒரு சிராய் கிளம்பினால் போதும், வில் முறிந்து அவள் முகத்தில் அடித்துவிடும். அதைத் தடுக்கத்தான் வெளிப்புறம் முழுக்கப் பட்டுத்துணி ஒட்டுவது. பட்டு பசையைக் குடித்து மரத்தோடு மரமாகிவிடும். பாலியெஸ்டர் ஒட்டிக்கொண்டதுபோல் நடித்துவிட்டு, நாலு நாளில் உரிந்து வரும்.

திருவண்ணாமலையில் பட்டுக்கடைக்கா பஞ்சம்? தேரடித் தெருவில் ஒரு கடைக்காரர், "சுத்தப் பட்டு சார், கண்ண மூடிக்கினு எடுங்க" என்றார். கண்ணை மூடச் சொல்கிறவரிடம் நான் கைக்குட்டைகூட வாங்குவதில்லை. ஓரத்தில் ஒரு நூல் உருவி எரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் பொடிப்பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் குண்டுமணியாகத் திரண்டுவிடும்.

"கோயிலாண்ட கடை வெச்சிக்கினு பொய் சொல்லுவமா சார்?"

சாமியைச் சாட்சிக்கு இழுத்ததும் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியானது. தீப்பெட்டியோடு நின்ற என்மேல் அவருக்கும் ஜாஸ்தியாகியிருக்க வேண்டும். வெறுங்கையோடு வேங்கிக்கால் வீட்டுக்குத் திரும்பினேன்.

மனைவி பீரோவிலிருந்து ஒரு புடவையை எடுத்து வந்தாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் எடுத்தது. "இத வெட்டிக்கோங்க" என்றாள். மாமியார் வீட்டுப் பட்டை மட்டும் எப்படி நம்புவது? நூல் உருவி எரித்தேன். முடி நாற்றம்தான் வந்தது. அப்போதும் மனம் ஒப்பவில்லை. அசல் எப்படி எரியும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க, அவளுடைய முகூர்த்தப் புடவையை எடுத்து வரச் சொன்னேன். அது மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. என் அப்பாவே நேரில் போய் எடுத்தது.

அந்த நூல் சுருண்டு, உருகி, என் விரலில் கறுப்பு மணியாக ஒட்டிக்கொண்டது. சுட்டது.

"கையில வாங்கும்போதே எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னைக்கு ஓமத்துக்கிட்ட உக்காந்து, நெருப்பு தெறிக்கும்போதெல்லாம் முந்தானைய உள்ள இழுத்துக்கினே இருந்தேன். எங்க பத்திக்குமோன்னு பயம்."

நான் அதை வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

அவள் தன் அம்மா வீட்டுப் புடவையை மடியில் விரித்து, தானே கத்தரிக்கோலை வைத்தாள்.

"பொண்ணாவது பயப்படாம நிக்கட்டும். நல்லா ஒட்டுங்க."