பழைய பேப்பரும் அம்மன் வாசல் தோரணமும்

அம்மனை நம்பி வாழும் அக்கா தங்கைகளே, என்னைத் திருடி என்று எழுதினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிற குழுவில் என் பெயரைப் போட்டு, என் முகத்தைப் போட்டு எழுதினார்கள். அது நடந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. அம்மன் அருளைச் சொல்ல வருகிறவர்கள் சாந்தமாகப் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், என் கோபத்தோடு சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் முத்துராக்கு. அந்தமானில் சிப்பிகாட்டில் இருக்கிறேன். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்குக் கப்பலேறி வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வீட்டுக்காரர் அபர்டீன் பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டைச் சுற்றிப் பாக்குத் தோப்பு. விழுகிற மட்டையை எல்லாரும் அடுப்பில் போடுவார்கள். நான் அதை ஊறவைத்து, மேலே கல் ஏற்றி நிமிர்த்தி, காயவைத்து, மாவிலை மாதிரி வெட்டி, வர்ணம் பூசி, கயிற்றில் கோத்து வாசல் தோரணமாக்குகிறேன். இங்கே பெய்கிற மழைக்கு ஒரு மட்டை ஒழுங்காகக் காய்வதற்குள் நாலு மட்டையில் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு தோரணத்துக்குப் பத்து நாள் போய்விடும்.

இதெல்லாம் நடப்பதற்கு ஒரு வருடம் முன்பு, நான் செய்த முதல் தோரணத்தை எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில் கட்டினேன். முதல் பாக்குக் குலை, முதல் பால், எதுவானாலும் முதலாவது அவளுக்கு. அது எங்கள் வீட்டு வழக்கம். கொடுத்த பிறகு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, நினைக்கவும் கூடாது. அந்தத் தோரணத்தில் ஓர் இலை கீறிவிட்டது. வேறு மட்டை கைவசம் இல்லை. சிவப்பு நூலால் தைத்து, யார் கண்ணிலும் படாமல் சுவர் ஓரத்துக்கு வருகிற மாதிரி கடைசியில் கோத்தேன். வீட்டில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, கோயிலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தேன்.

இங்கே டூரிஸ்ட்டுகள் சங்கும் முத்தும்தான் கேட்பார்கள். பாக்கு மட்டையை யார் வாங்குவார்? அதனால்தான் ஃபோனில் அந்தக் கைவேலைக் குழுவில் சேர்ந்தேன். எல்லாரும் தமிழ்ப் பெண்கள், முக்கால்வாசி மெயின்லேண்டில் இருப்பவர்கள். மற்ற நாளில் செய்ததைக் காட்டலாம், விற்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் விளம்பரம் போடலாம். அதற்கும் ஒரு விதி. பொருளுக்குப் பக்கத்தில் அன்றைய தமிழ்ப் பேப்பரைத் தேதி தெரிகிற மாதிரி வைத்துப் படம் எடுக்க வேண்டும். அடுத்தவர் படத்தைச் சுட்டு விற்கிறவர்களைப் பிடிப்பதற்காக அந்த விதி. நல்ல விதிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் தீவுக்குத் தமிழ்ப் பேப்பர் விமானத்தில்தான் வர வேண்டும். இன்றைக்கு வருவது நேற்றைய பேப்பர். மழைக்காலத்தில் விமானம் நின்றுவிட்டால் இரண்டு மூன்று நாள் பேப்பர் கட்டாக வந்து விழும். எங்களுக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம். என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் அது இன்றைய பேப்பர். தேதியை யார் பார்க்கிறார்கள்? அந்த வெள்ளிக்கிழமையும் வீட்டுக்காரர் பஜாரிலிருந்து வாங்கி வந்ததை வைத்து, புதிதாகச் செய்த இன்னொரு தோரணத்தைப் படம் எடுத்துப் போட்டேன். பேப்பரின் தேதி நாலு நாள் பழையது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

இதற்கு நடுவில் ஒருத்தி நுழைந்தாள். வளர்மதி என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு மாதத்துக்கு முன்பே தனியாக மெசேஜ் போட்டு, அக்கா அக்கா என்று தேனாகப் பேசினாள். மட்டையில் செய்கிறீர்களாமே, எப்படி என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாளே என்று நானும் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மனுக்குக் கொடுத்த அந்த முதல் தோரணத்தின் படத்தையும் அனுப்பினேன். கொடுத்ததைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற வழக்கத்தை நானே மீறினேன், பாருங்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையில், எனக்கு முன்னாலேயே, அவள் அந்தப் படத்தை வெட்டி, பக்கத்தில் அன்றைய பேப்பரை ஒட்டி, தன் கைவேலை என்று விளம்பரம் போட்டுவிட்டாள். சாயங்காலம் என் விளம்பரம் போனது. ஒரே மாதிரித் தோரணம். அவளிடம் இன்றைய பேப்பர், என்னிடம் பழைய பேப்பர்.

குழுவை நடத்துகிற அம்மாவை எல்லாரும் மேடம் என்போம். மேடம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர் திருட்டுப் படம் போடுகிறவர், யாரும் ஏமாறாதீர்கள் என்று எழுதி, நான் பதில் எழுத முடியாமல் என் வாயைக் கட்டிவிட்டார். தனி மெசேஜில் வளர்மதிக்கு நான் அனுப்பிய படம், தேதி, எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பினேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கீழே வந்த பேச்சு இருக்கிறதே! அந்தமானா, அது வெளிநாடாச்சே, பாஸ்போர்ட் வேண்டாமா என்று ஒருத்தி. அங்கே தமிழ்ப் பேப்பர் ஏது, பழைய பொட்டலத்தைப் பிரித்து வைத்திருப்பாள் என்று இன்னொருத்தி. நூறு பேர் சிரித்திருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. ஆனால் என் கையில் வர்ணம் காயாமல் இருக்கும்போது நாக்கின் மேல் பல்லைப் போட்டு இப்படிப் பேசலாமா? திருநெல்வேலியில் கல்யாண வீட்டுக்குத் தோரணம் கேட்டிருந்த ஓர் அம்மாவும் வேண்டாம் என்றுவிட்டார். திருடினதை எங்க வீட்டு வாசலில் கட்ட முடியுமா என்று கேட்டார். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

வீட்டுக்காரர் ஆறுதல் சொல்ல வந்தார். "அரே, சோடோ, விட்டுத் தள்ளு. ஃபோன்ல யாரோ என்னமோ எழுதுனா ஒனக்கு என்ன?" என்றார். உங்கள் ஆட்டோவில் திருடன் என்று எழுதி பஜார் முழுக்க ஓட்டச் சொன்னால் ஓட்டுவீர்களா என்று கேட்டேன்.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். தினமும் சாயங்காலம் அங்கே விளக்கேற்றுவது என் வேலை. பத்து வருடத்துக்கு மேல் ஏற்றுகிறேன். அன்றைக்கு எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மன் முன்னால் நின்றேன். கும்பிடவில்லை. சண்டை போட்டேன்.

"ஆத்தா, என் மொதல் தோரணத்த ஒனக்குத்தான குடுத்தேன்? என்னயத் திருடிங்குறாளுக, நீ கல்லா நின்னுக்கிட்டு இருக்க. என் பேரு சுத்தமாகுற வரைக்கும் ஒனக்கு என் கையால வெளக்குக் கெடயாது."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பூசாரி அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆடி மாதத்தில் ஆத்தாளை வைதுவிட்டோமே என்று பயம் ஒரு பக்கம், வைதது சரிதான் என்று கோபம் ஒரு பக்கம். ஐந்து நாள் கோயில் பக்கமே போகவில்லை. மட்டையைத் தொடவில்லை. வெட்டி வைத்திருந்த இலைகளெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயின.

ஆறாவது நாள் நல்ல காற்று, மழை. பூசாரி அண்ணன் ஃபோன் செய்தார். "தங்கச்சி, ஒன் தோரணம் அறுந்து விழுந்துருச்சு. கால்ல மிதிபடுது. கோவத்த அப்பறம் வச்சுக்க, வந்து கட்டிட்டுப் போ," என்றார். அவளுக்குக் கொடுத்த தோரணத்தையும் அவளால் காப்பாற்ற முடியவில்லையா என்று முனகிக்கொண்டே குடையை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கட்டுவதற்காக நான் போகவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

வாசலில் குனிந்து அதை எடுத்தேன். அறுந்த முனை என் கைக்கு வந்தது. கடைசி இலை. சிவப்பு நூல் தையல்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தையல் அந்தத் திருடி போட்ட படத்தில் இருக்கிறதே! நூறு முறை அந்த விளம்பரத்தைப் பார்த்திருப்பேன். கோபத்தில் அவள் பெயரைத்தான் பார்த்தேனே தவிரப் படத்தைப் பார்க்கவில்லை. ஃபோனை எடுத்துப் பெரிதாக்கினேன். ஓரத்தில் அதே இலை, அதே கீறல், நான் போட்ட அதே கோணல் தையல். என் சாட்சி என் ஆத்தாள் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் நின்றுதான் நான் அவளைக் கல் என்று திட்டியிருக்கிறேன். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்று தெரிந்துதான் அவள் அதைக் கீழே போட்டாள். காற்று என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன்.

பூசாரி அண்ணனை ஃபோனைப் பிடிக்கச் சொல்லி வீடியோ எடுத்தேன். தையலை முன்பக்கம் காட்டினேன், திருப்பி முடிச்சைக் காட்டினேன். ஒரு வருட வெயிலிலும் மழையிலும் வர்ணம் வெளுத்திருப்பதையும், சூடப் புகை படிந்திருப்பதையும் காட்டினேன். அதை நேற்றுச் செய்துவிட முடியுமா? அந்த வளர்மதி தன் தோரணத்தில் இந்த இலையைத் திருப்பிக் காட்டட்டும் என்று சொல்லி முடித்தேன்.

குழுவில் என்னால் போட முடியாதே! அந்தமானிலேயே இன்னும் வடக்கே இருக்கிற ரங்கத்தில் சாந்தி என்று ஒரு பெண், அதே குழுவில் இருப்பவள், அவள் ஒருத்திதான் முன்பே எனக்கு ஆறுதல் எழுதியிருந்தாள். அவளுக்கு அனுப்பினேன். அவள் அப்போதே போட்டாள். ரங்கத்துக்குப் பேப்பர் இதைவிடத் தாமதமாக வரும், அப்படியென்றால் நாங்களெல்லாம் திருடிகளா என்று கூடவே எழுதினாள். இரண்டு மணி நேரத்தில் குழுவே திரும்பிவிட்டது. சிரித்தவர்களே வளர்மதியைத் தையலைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல அவளிடமிருந்து சத்தமே இல்லை. சாயங்காலம் குழுவை விட்டே ஓடிவிட்டாள்.

அதன் பிறகுதான் மேடத்துக்கு என் நம்பர் கிடைத்தது. பேப்பர் தேதி பழசாக இருந்ததால்தான் அப்படி ஆகிவிட்டது என்று ஆரம்பித்தார்.

"மேடம், எங்க ஊருக்கு இன்னைக்குப் பேப்பரு நாளைக்குத்தான் வரும். மழ பேஞ்சா நாலு நாளு. அத ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்," என்றார்.

"எங்கிட்ட மன்னிப்பு வேணாம். எங்க என்னயத் திருடின்னு எழுதுனீங்களோ, அங்கயே எழுதுங்க."

எழுதினார். குறை சொல்ல மாட்டேன், முழுதாக எழுதினார். பேப்பர் விதியையும் எடுத்துவிட்டார். இப்போது பொருளைக் கையில் பிடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் காட்டி வீடியோ போட்டால் போதும். என் தோரணங்கள் வெள்ளிக்கிழமை தோறும் அங்கே போகின்றன, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். திருநெல்வேலி அம்மா மட்டும் திரும்ப வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

மேடம் எழுதிய அன்று சாயங்காலமே எண்ணெய்க் கிண்ணத்தோடு கோயிலுக்குப் போனேன். சண்டை தீர்ந்ததா என்று பூசாரி அண்ணன் கேட்டார். அவளோடு தீர்ந்தது, மற்றவர்களோடு பாக்கி இருக்கிறது என்றேன். விளக்கு ஏற்றும்போது காற்றில் திரி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை நின்றது.

முன்பெல்லாம் நான் பயந்து பயந்து கும்பிடுவேன். நல்ல வார்த்தை மட்டும்தான் அவளிடம் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது எதுவானாலும் நேரே போய்ச் சொல்கிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் மேல் யாராவது அபாண்டம் சுமத்தினால், மனசு கொதித்தால், அந்தக் கொதிப்போடேயே அவளிடம் போங்கள். கும்பிட வரவில்லையா, திட்டுவதற்காவது போங்கள். போனபின் ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல்தான் ஐந்து நாளை வீணாக்கினேன்.

தோரணத்தைப் புதுக் கயிற்றில் கோத்து மறுபடி அவள் வாசலில் கட்டிவிட்டேன். தையல் போட்ட இலையை இந்தத் தடவை நடுவில் வைத்திருக்கிறேன்.